தெய்வமும் ஜின்னும் வரும் போர்க்கதை: ஏறாவூர்ப் பக்கத்தில் அதைக் கூட்டாகச் செய்வது எப்படி?

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல் நந்தி கதை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். கோயில்களை இடித்துக்கொண்டு வந்த பறங்கிப் படைத்தலைவன், இந்தக் கல்மாடு புல் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்டான். பூசகர் புல்லை நீட்ட, நந்தி எழுந்து தின்றது. சாணமும் போட்டது என்பார்கள் சிலர். படை பயந்து திரும்பிப் போனது. இந்தக் கதைக்குத் தனி ஆசிரியர் கிடையாது. ஊரே சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி ஆக்கிய போர்க்கதை அது. அதே கொக்கட்டிச்சோலையில் 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது எந்தக் கல்லும் எழுந்து வந்து தடுக்கவில்லை. போர் நடந்த மண்ணில் அமானுஷ்யம் கலந்து கதை செய்ய நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

பல பேர் கூடி, போரைப் பற்றி, கண்ணுக்குத் தெரியாதவற்றையும் பாத்திரமாக்கி ஒரு கதை செய்வதென்றால் அதற்கு எப்படித் திட்டமிடுவது? இந்தக் கேள்விக்கு ஏறாவூரை மையமாக எடுத்துக்கொள்கிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் சத்துருக்கொண்டான், தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். தமிழூர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழூர். மேற்கே வாவி, கிழக்கே புன்னைக்குடாக் கடல். ஒரே சந்தை, ஒரே ரயில் பாதை, ஒரே மொழி. இங்கே போரைப் பற்றி ஒரு தரப்பு மட்டும் உட்கார்ந்து கதை எழுதினால் அது பாதிக் கதையாகத்தான் இருக்கும். அதனால் இந்த நிலத்தில் கூட்டாக எழுதுவது என்பது விருப்பப்பட்டால் செய்துபார்க்கும் பரீட்சார்த்தம் அல்ல, கதை முழுமை பெறுவதற்கே அது வேண்டும்.

ஏறாவூரின் பெயரே ஒரு போர்க்கதையோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. முக்குவர், திமிலர் என்ற இரு தமிழ்க் குலத்தாருக்குள் சண்டை மூண்டதாகவும், பட்டாணியர் என்ற முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை வந்ததாகவும், தோற்ற திமிலரை வடக்கே துரத்திக்கொண்டு போன வழியெங்கும் சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி என்று ஊர்ப்பெயர்கள் விழுந்ததாகவும் பழைய ஆட்கள் சொல்வார்கள். துணை வந்தவர்களுக்கு முக்குவப் பெண்களை மணமுடித்துக் கொடுத்து, திமிலர் திரும்பி வராமல் எல்லையில் குடியிருத்தினார்கள் என்றும் கதை தொடரும். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) ஆகிய நூல்கள் இந்த மரபுகளைத் தேடுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பவை. இதை வரலாறு என்று நிறுவ முடியாது. ஆனால் இரண்டு சமூகங்களும் ஒப்புக்கொண்டு சேர்ந்து சொல்லிவந்த போர்க்கதை என்று இந்தப் பகுதியில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். இதில் தோற்றவனுக்குப் பேச்சு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திமிலர் எங்கே போனார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன சொன்னார்கள் என்று கதை கேட்பதே இல்லை. கூடி எழுதும்போது கூடாதவனின் குரல் விடுபட்டுப்போகும் ஆபத்து அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

இனி, நம் காலத்துப் போர். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூருக்குள் புகுந்து, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஊர்களைச் சேர்ந்த 184 தமிழர்கள் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டார்கள். எல்லாம் ஆறு வாரத்துக்குள், ஒரே கரையோரமாக நடந்தவை. ஏறாவூரில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஷுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினம் நினைவுகூரப்படுகிறது. தமிழர்கள் தங்கள் நினைவுநாட்களைச் செப்டெம்பரில் வைத்திருக்கிறார்கள். இரண்டு நினைவுகூரல்களுக்கும் நடுவே சில மைல் தூரம்தான். ஆனால் ஒரு பக்கத்தார் மறுபக்கத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்பது அரிது.

இந்தத் திகதிகளை நான் அடுக்கியதற்குக் காரணம் உண்டு. இப்படி ஒரு கதையைத் திட்டமிடும் கூட்டத்தில் முதல் வேலையாக அமானுஷ்யம் எதுவும் கலக்காத காலவரிசை ஒன்று எழுதப்பட வேண்டும். யார், யாரை, எங்கே, எந்த நாளில் என்பது தெளிவாக, இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டதாக அது இருக்க வேண்டும். பேயும் தெய்வமும் ஜின்னும் அதற்குப் பிறகுதான் வரலாம். வரிசை மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு உலக உதாரணம் ஒன்று இருக்கிறது. முதலாம் உலகப்போரில் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரருகே பிரித்தானியப் படை பின்வாங்கிய பிறகு, ஆர்தர் மேக்கன் என்ற எழுத்தாளர் 1914 செப்டெம்பர் 29ஆம் திகதி லண்டன் பத்திரிகை ஒன்றில் சிறுகதை எழுதினார். பழைய காலத்து வில்லாளிகளின் ஆவிகள் வந்து பிரித்தானியரைக் காப்பாற்றுவதாகக் கதை. சில மாதங்களுக்குள் அது நடந்த சம்பவமாகவே நம்பப்பட்டது. வில்லாளிகள் தேவதூதர்களானார்கள். தேவாலயங்களில் அது பிரசங்கமாயிற்று. நான் கற்பனையாக எழுதியது என்று மேக்கன் திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. கதை ஊராருடையதாகி, எழுதியவனை வெளியே தள்ளிவிட்டது.

நம் பக்கத்திலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 2011 ஆகஸ்டில், கிறீஸ் பூதம் வந்தது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து பெண்களைத் தாக்குகிற மர்ம மனிதன் என்ற பேச்சு மலையகத்திலும் கிழக்கிலும் பரவி, ஊர்கள் இரவிரவாக விழித்திருந்தன. துரத்தப்பட்டவர்கள் முகாம்களுக்குள் ஓடி மறைந்தார்கள் என்று மக்கள் குற்றம் சாட்டினார்கள். பொலிசாரோடும் படையினரோடும் மோதல்கள் நடந்தன. பூதம் என்ற பெயர் அங்கே என்ன வேலை செய்தது என்று பாருங்கள். நடந்த தாக்குதல்களைக் கேலிப்பொருளாக்கித் தள்ளிவிட அது அதிகாரத்துக்கு உதவியது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட முடியாத அச்சத்தை வாய்விட்டுச் சொல்ல மக்களுக்கும் அதுவே உதவியது. ஒரே பூதம்தான் உண்மையை மறைத்ததும் வெளியே கொண்டுவந்ததும்.

அப்படியானால் அமானுஷ்யத்தைத் தவிர்த்துவிடலாமே என்று கேட்கலாம். கிழக்கில் அது முடியாது. மானிடவியலாளர் பட்றீசியா லோரன்ஸ் 1990களில் மட்டக்களப்பில் செய்த ஆய்வு, அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்கிறவர்களைப் பற்றியது. காணாமற்போனவர்களின் குடும்பங்கள் பொலிசுக்கும் முகாம்களுக்கும் செஞ்சிலுவைக்கும் நடந்து களைத்து, கடைசியில் தெய்வமாடுபவரிடம் வந்தார்கள். சடங்குக் காலத்தில், பறையும் உடுக்கும் முழங்க, உரு ஏறி நிற்கிறவரின் முன்னால் ஒரு தாய் நின்று, “என்ட புள்ள இருக்கானா இல்லையா, அத மட்டும் சொல்லு தாயே” என்று கேட்பாள். வாக்குச் சொல்கிறவர் சிலவேளை அடிபட்டவரின் வலியைத் தன் உடம்பிலேயே வாங்கித் துடிப்பதை லோரன்ஸ் பதிவுசெய்திருக்கிறார். வெளியே வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த காலத்தில், சித்திரவதை நடக்கிறது என்று பகிரங்கமாகச் சொல்லக்கூடிய இடமாகக் கோயில் வாசல் இருந்தது. ஒரு கதைக்காரர் இதைக் கற்பனை என்று ஒதுக்கினால், அந்தத் தாய் அனுபவித்த போரையே ஒதுக்கிவிடுகிறார்.

கிறீஸ் பூதம், தெய்வவாக்கு என்ற இந்த இரண்டு உதாரணங்களுக்கும் இடையில்தான் என் கருத்து நிற்கிறது. அந்தத் தாய் தெய்வத்திடம் கேட்டது, தன் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதை. பிடித்துக்கொண்டு போனது யார் என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும், வாகனம் வந்த திசையும் தெரியும். ஆகவே போர்க்கதையில் கண்ணுக்குத் தெரியாதவை துக்கத்துக்கு வாயாக இருக்கலாம், செத்தவனுக்குக் குரலாக இருக்கலாம். கொன்றவனுக்கு அவை ஒருபோதும் மறைவிடம் ஆகக் கூடாது. சாபத்தால் ஊர் அழிந்தது, காளி கோபித்தாள், ஜின் ஏறியவன் சுட்டான் என்று எழுதிய மறுகணமே மனிதர் செய்த கொலை விதியாகிவிடுகிறது.

கூட்டாகத் திட்டமிடும் முறைக்கு வெளியூர் மாதிரி எதுவும் தேடிப் போக வேண்டியதில்லை. மட்டக்களப்புக் கூத்து அதைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறது. பெரும்பாலும் போரில் போய் முடிகிற வடமோடிக் கூத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூத்துப் போடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானிக்க, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அழைக்கப்படுவார். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். அவரவர் பாடிப் பேச வேண்டிய பகுதி அவரவர் கைக்கு வரும். தொண்டை எப்படி, உயரம் எப்படி, கால் தாளத்துக்கு நிற்குமா என்று அண்ணாவியார் பார்ப்பார். குடும்ப மரியாதையைப் பார்ப்பவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். ராசா வேஷம் தன் வீட்டுப் பிள்ளைக்கே வேண்டும் என்று ஒருவர் முறுக்கிக்கொள்வார். “மனே, உனக்குத் தொண்ட இருக்கு, கால் இல்ல. மந்திரிக்கு ஆடு, அடுத்த கூத்துக்குப் பாப்பம்” என்று சமாதானம் சொல்லப்படும். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல். கடைசியில் வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஊரார் சுற்றி நின்று திருத்தம் சொல்வார்கள். இந்தப் படிமுறைகளைப் பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய தன் ஆய்வில் விரிவாக விளக்கியிருக்கிறார்.

இதிலிருந்து எழுத்துக்கு எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. சட்டம் கொடுத்தல் என்ற ஏற்பாட்டில் எவர் கையிலும் முழுக் கதை இல்லை. தன் பாத்திரத்தைத் தான் சுமந்து, மற்றவன் பாட்டுக்குக் காது கொடுத்துத்தான் ஆட முடியும். இன்னொன்று, வரவு. கிருஷ்ணனே ஆனாலும் வரவுப் பாட்டோடும் தனக்குரிய ஆட்டத்தோடும்தான் களரிக்குள் வர வேண்டும். யார் வருகிறார், என்ன குணத்தோடு வருகிறார் என்று சபைக்குத் தெரிந்துவிடும். கதையில் அமானுஷ்யத்தைக் கொண்டுவருகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான விதி எனக்குத் தெரியவில்லை. ஆவி எப்போது வரும், எதைப் பார்க்கும், எதைச் செய்ய முடியாது என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாவது அத்தியாயம் எழுதுகிறவர் தன் சிக்கலை அவிழ்க்க ஆவியைக் கூப்பிடுவார். ஆறாவது அத்தியாயக்காரர் அதே ஆவியை வைத்துப் புதுச் சிக்கல் போடுவார். ஈழத்தில் 1960களின் தொடக்கத்தில் எஸ். பொன்னுத்துரை, கனக செந்திநாதன் உள்ளிட்ட ஐந்து எழுத்தாளர்கள் சேர்ந்து ‘மத்தாப்பு’ என்ற நாவலை எழுதியது போன்ற முயற்சிகள் இருந்திருக்கின்றன. நடை வித்தியாசங்களையே அழகாக்கிக் காட்ட அங்கே இடமிருந்தது. போர்க்கதையில் அந்தச் சுதந்திரம் குறைவு. கொலை நடந்த நாளை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுத முடியாது.

கூத்தை அப்படியே எடுத்தாலும் போதாது. பாரதப் போரைப் பாடிய களரியில் பெண் வேஷமும் ஆணே ஆடினான். சாதி ஒழுங்கு பாத்திரப் பங்கீட்டிலேயே இருந்தது. நாடகவியலாளர் சி. ஜெயசங்கர் 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனை ஊராரோடு சேர்ந்து தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் இதைத்தான் கேள்விக்குட்படுத்தியது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் போய்த் திருத்திக் கொடுக்காமல், அண்ணாவியாரும் ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் உட்கார்ந்து, போரைப் புகழும் இடங்களையும் பெண்ணை இழிவாகப் பேசும் இடங்களையும் விவாதித்து மாற்றினார்கள். போர்நிறுத்தக் காலத்தில், போரால் சிதறிய ஊரில், போர்க் கதையைக் கூடித் திருத்தினார்கள் என்பது சாதாரணமான காரியம் அல்ல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1965இல் பேராதனையில் தயாரித்த ‘இராவணேசன்’ மேடைக்குரிய செம்மையைக் கூத்துக்குக் கொடுத்தது. அதில் இராவணனாக ஆடிய மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பிலும் அதைப் புதிதாகத் தயாரித்தார். இரண்டும் வேறு வேறு பாதைகள். ஏறாவூர்க் கதைக்கு எனக்குச் சீலாமுனைப் பாதைதான் பொருந்துவதாகத் தெரிகிறது. செம்மை குறைந்தாலும் பரவாயில்லை, முடிவு எடுக்கும் உரிமை ஊரார் கையில் இருக்க வேண்டும்.

இங்கேதான் கடினமான இடம் வருகிறது. கூத்து மரபில் தெய்வம் மேடையேறலாம், மனிதன் தெய்வமாக ஆடலாம். முஸ்லிம் மரபில் நபிமார்களையோ வானவர்களையோ வேஷம் கட்டிக் காட்டுவது கூடாது. ஆனால் போரையும் அற்புதத்தையும் சேர்த்துச் சொல்லும் இலக்கியம் முஸ்லிம் தமிழில் வளமாக உண்டு. ‘படைப்போர்’ என்றே ஒரு இலக்கிய வகை இருக்கிறது. ‘சக்கூன் படைப்போர்’, அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ ஆகியவற்றைப் பாடிக் கேட்ட தலைமுறைகள் இருந்தன. அங்கே அற்புதம் காதால் கேட்கப்பட்டது, கண்ணுக்குக் காட்டப்படவில்லை. கூட்டுக் கதையை எழுத்தாகவோ ஒலியாகவோ செய்வதா, மேடையாக்குவதா என்ற முடிவு இதனால் வெறும் கலை முடிவாக இல்லாமல், ஒரு சமூகம் உள்ளே வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் முடிவாகிறது.

ஜின் பற்றிய பேச்சிலும் அவதானம் வேண்டும். வெளியாட்களுக்கு அது அமானுஷ்யம். நம்புகிறவருக்கு ஜின் உண்டு என்பது ஈமானோடு சேர்ந்தது. ஆனால் ஓதிப் பார்ப்பது, தண்ணீர் ஓதிக் கொடுப்பது, நூல் கட்டுவது, தர்காவில் நேர்ச்சை வைப்பது எல்லாம் முஸ்லிம் ஊர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள விஷயங்கள். தர்காவை ஏற்காதவர்களும் ஏற்பவர்களும் ஒரே வீட்டில்கூட இருப்பார்கள். ஆகவே ‘முஸ்லிம் பேய்க்கதை’ என்று ஒன்றைத் தமிழ் எழுத்தாளர் தானாகப் புனைந்துகொண்டு வந்து நீட்டக் கூடாது. அதேபோல, அம்மன் சடங்கைப் பயமுறுத்தும் காட்சியாக முஸ்லிம் எழுத்தாளர் எழுதவும் கூடாது. அவரவர் மரபின் காணாதவற்றை அவரவரே எழுதட்டும். மற்றவர் அதற்குச் சாட்சியாக நிற்கும் மனிதப் பாத்திரத்தை எழுதட்டும். வாப்பாவைத் தேடிக்கொண்டு வருகிற ஒரு பெண் பிள்ளை சடங்கு நடக்கிற கோயில் வாசலில் நிற்பதையும், மகனைத் தேடுகிற தாய் தர்கா முற்றத்தில் உட்கார்ந்திருப்பதையும் இந்த முறையில் எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

ஆவிகள் வரும் போர் நாவல்கள் இரண்டை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். ஷெஹான் கருணாதிலகவின் புக்கர் பரிசு (2022) பெற்ற நாவலில், 1990இல் கொழும்பில் கொலையுண்ட புகைப்படக்காரன் மாலி அல்மேதா ஏழு இரவுகள் ஆவியாக அலைகிறான். எல்லாத் தரப்பாலும் கொல்லப்பட்டவர்களின் ஆவிகள் அவனைச் சுற்றி நிற்கின்றன. தன்னைக் கொன்றது யார் என்பது அவனுக்கே தெரியாது. அந்தப் புதிர்தான் நாவலை நகர்த்துகிறது. ஏறாவூர், சத்துருக்கொண்டான் பக்கத்தில் நிலைமை நேர் மாறானது. கொன்றது யார் என்று ஊருக்குத் தெரியும். நீதிதான் இல்லை, பல இடங்களில் உடலும் இல்லை. துப்பறியும் ஆவியால் இங்கே பயன் குறைவு. அடக்கம் செய்யப்படாத ஆவி, ஜனாஸாத் தொழுகை கிடைக்காதவன், எட்டுச் செலவு செய்யப்படாதவன், இவர்கள்தான் இந்த நிலத்துப் பாத்திரங்கள். வியட்நாமிய எழுத்தாளர் பாவோ நின் எழுதிய ‘போரின் துயரம்’ நாவலில் முன்னாள் போராளி ஒருவன் காட்டில் செத்தவர்களின் எச்சங்களைச் சேகரிக்கும் குழுவோடு அலைவான். அந்தக் காடு முழுக்க ஆவிகளின் குரல். நமக்கு நெருக்கம் அதுதான்.

தமிழில், ஏறாவூரில் பிறந்த ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’, முஸ்லிம் பெண்ணையும் முன்னாள் போராளிப் பெண்களையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தது. அமானுஷ்யம் எதுவும் அதில் இல்லை. தனி ஒருவர் இரண்டு பக்கத்தையும் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. கல்முனை உமா வரதராஜனின் ‘அரசனின் வருகை’, பழங்கதைச் சாயலில் நம் காலத்து அடக்குமுறையைச் சொன்ன சிறுகதை. நேரடியாகப் பெயர் சொல்ல முடியாத காலத்துக்கு அந்த உத்தி தேவைப்பட்டது. இன்று பெயர் சொல்லலாம் என்ற இடங்களில் உருவகத்துக்குப் பின்னால் ஒதுங்குவது எனக்கு உடன்பாடில்லை.

செயலுக்கு வந்தால், குழு சிறிதாக இருப்பது நல்லது. இரு பக்கத்திலும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். கொலையுண்டவர்களின் உறவினர்களைத் தகவல் தருபவர்களாக மட்டும் வைத்துவிட்டு எழுத்தாளர்கள் எழுதிக்கொண்டு போவது அநியாயம். வாசித்துக் கேட்டு, இது வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். அந்த உரிமை வந்தால் சில நல்ல அத்தியாயங்கள் போய்விடும், போகட்டும். இறந்தவர்களின் உண்மைப் பெயர்களை ஆவிகளுக்கு வைக்கவே கூடாது. தமிழ்க் குழு எழுதிய பகுதியை முதலில் ஏறாவூரிலும், முஸ்லிம் குழு எழுதியதை முதலில் செங்கலடியிலும் வாசிக்க வேண்டும். சொந்த ஊரில் கைதட்டு வாங்கிவிட்டு மற்ற ஊருக்குப் போனால் திருத்த மனம் வராது.

நாட்களையும் யோசித்து வைக்க வேண்டும். ஆகஸ்டும் செப்டெம்பரும் துக்கத்துக்கு உரியவை. அப்போது கூட்டம் போட்டுப் பாத்திரம் பங்கிடுவது பொருந்தாது. வைகாசியில் அம்மன் கோயில்களில் சடங்கும் குளிர்த்தியும் வரும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது, அதைப் பார்த்துத்தான் கூட்டங்களை வைக்க முடியும். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, கூத்துப் பழக ஊர்கள் கூடுகிற பருவத்தில் நோன்பும் வராத ஆண்டாகப் பார்த்துச் சட்டம் கொடுக்கத் தொடங்கலாம். முதல் கூட்டத்துக்குக் காலவரிசை எழுதிய தாளையும் இரண்டு கொப்பிகளையும் கொண்டுபோனால் போதும், கதையை அப்போதே கொண்டுபோக வேண்டாம்.